பிளாட்டினத்தோடு ஒரு பங்காளிச் சண்டை

விசிறி சுற்றவில்லை.

சுற்றவே இல்லை என்றால்கூட மனசு ஆறிவிடும். அது அரைச் சுற்று சுற்றியது. பிறகு, வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று வழியில் சந்தேகம் வந்த ஆள் மாதிரி நின்றது. கரிக்காரர் விரல் நுனியால் லேசாக ஒரு தள்ளு தள்ளினார். பெரிய மனசு பண்ணி இன்னொரு கால் சுற்று போனது. அதோடு சரி.

விசிறி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பொம்மைக் காரிலிருந்து கழற்றிய ஒரு மோட்டார், அதன் தலையில் அட்டையில் வெட்டி ஒட்டிய மூன்று இறக்கை. மோட்டாரிலிருந்து கிளம்பும் இரண்டு ஒயர்கள், மேசை விளக்குக்குக் கீழே வரிசையாகப் படுத்திருந்த ஆறு மின்கலங்களுக்குப் போயின. செவ்வாய்க்கிழமை காலை. ஆய்வுக்கூடத்தில் மற்ற எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கரிக்காரருக்கு டீ இறங்கவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார்.

கரிக்காரர் என்பது ஆய்வுக்கூடம் அவருக்கு வைத்த பெயர். ஏழு வருஷம் படித்து வாங்கிய பட்டத்தைச் சேர்த்து அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் செய்யும் வேலை அப்படி.

இரண்டு சின்னக் கண்ணாடித் துண்டுகள். ஒன்றின்மேல் வெள்ளைப் பசையைத் தடவிச் சாயத்தில் ஊறவைத்திருப்பார்கள். வெளிச்சம் பட்டதும் அந்தச் சாயம் மின்சாரத்தை உதறும். உதறிய மின்சாரம் ஒயர் வழியாகப் போய் விசிறியைச் சுற்றிவிட்டு வீடு திரும்பும்போது, உள்ளே கூட்டிக்கொள்ள ஒரு வாசல் வேண்டும். அதுதான் இரண்டாவது கண்ணாடி, பின்பக்கத்துக் கண்ணாடி. நடுவில் நாலு சொட்டு பழுப்புத் திரவம். இரண்டையும் சேர்த்துக் காகிதக் கிளிப்பால் கவ்வ வைத்தால் ஒரு சூரிய மின்கலம் தயார். கிளிப்பை எடுத்தால் எந்தக் கண்ணாடியையும் ஐந்து நிமிஷத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பின்பக்கத்துக் கண்ணாடியில் வழக்கமாகப் பூசுவது பிளாட்டினம். விலையைக் கேட்டால் யாருக்கும் ஒரு நிமிஷம் உட்காரத் தோன்றும். அதற்குப் பதிலாக ஒன்றுக்கும் ஆகாத கரியைப் பூசி அதே வேலையை வாங்கிக் காட்டுகிறேன் என்று நம்மவர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது.

இந்த இரண்டு வருஷத்தில் அவர் எரிக்காத பொருள் இல்லை. மரத்தூளை எரித்தார், பழைய செய்தித்தாளை எரித்தார், சர்க்கரையை எரித்தார், முடி வெட்டும் கடையிலிருந்து ஒரு பை நிறைய முடி வாங்கிவந்து எரித்து, மாடி முழுக்க ஆளைக் காலி பண்ணவும் செய்தார். எதை எரித்தாலும் கடைசியில் அதை 'ஸ்டாண்டர்டு' பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும்.

ஸ்டாண்டர்டு என்பது ஸ்டோர் அக்கா கொடுக்கும் கண்ணாடி. அக்கா இருபது வருஷமாக அந்தக் கட்டடத்தின் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்கிறவர். பிளாட்டினக் கரைசல் இருக்கும் அலமாரிக்கு ஒரே சாவி, அது அவரிடம். கண்டவர் கையில் கொடுத்தால் சிந்திவிடுவார்கள் என்று, பூசுவதையும் உலையில் சுடுவதையும் அவரே செய்ய வேண்டும் என்பது தலைவர் போட்ட உத்தரவு. மாசத்துக்கு ஆறு கண்ணாடி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மேலே மெல்லிசாக ஒரு சாம்பல் நிறப் படலம், அவ்வளவுதான் தெரியும். ஆனால் அதை மாட்டினால் விசிறி பிய்த்துக்கொண்டு சுற்றும்.

அக்காவின் கண்ணாடிக்கு நூறு மார்க் என்றால் நம்மவர் கரிக்கு முதல் வருஷம் ஐம்பத்தெட்டு. அப்புறம் அறுபத்து மூன்று. போன ஆறு மாசமாக எழுபது. எழுபதிலேயே உட்கார்ந்துவிட்டது. பிளாட்டினத்தின்மேல் அவருக்கு ஒரு பங்காளிப் பகையே வந்துவிட்டது. மனைவி ஒரு தடவை நகைக்கடை ஜன்னலில் பிளாட்டின மோதிரம் ஒன்றைக் காட்டி நன்றாயிருக்கிறதே என்று சொன்னதற்கு, அந்தப் பேச்சை என்னிடம் எடுக்காதே என்று தெருவிலேயே கோபித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

டீ முடிந்து தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். சத்தம் போடத் தெரியாத மனுஷன், அதுவே பெரிய கஷ்டம். விசிறியைப் பார்த்தார், கரிக்காரரைப் பார்த்தார், அவர் தோளில் கை வைத்தார்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பணம் குடுக்கிற இடத்துலேர்ந்து மூணு பேர் வர்றாங்கப்பா. விசிறி சுத்தினா இன்னும் மூணு வருஷம் நம்ம வேலை ஓடும். சுத்தலைன்னா இந்தப் பிராஜெக்டை மூடிடச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் உன்னை வச்சுக்க என்னால முடியாது."

நாற்பத்திரண்டு வயசில், எதைக் கொடுத்தாலும் கரியாக்கத் தெரியும் என்பதை மட்டும் தகுதியாக வைத்துக்கொண்டு எங்கே போய் வேலை கேட்பது என்று கரிக்காரர் யோசித்துப் பார்த்தார். ஓர் ஓட்டல்கூட சேர்த்துக்கொள்ளாது.

கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரியும். கரி இன்னும் நன்றாக வேக வேண்டும், இன்னும் நைசாக அரைபட வேண்டும். ஆய்வுக்கூடத்து உலையையோ பக்கத்து அறைப் பீங்கான்காரர் சனிக்கிழமை வரைக்கும் பிடித்து வைத்திருந்தார். ஒரு மணி நேரம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டதற்கு, உள்ளே சாமான் வெந்துகொண்டிருக்கிறது, இப்போது திறந்தால் அத்தனையும் விரிசல் விட்டுவிடும் என்று பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி கையை விரித்து மறித்தார்.

வீட்டில் அடுப்பு இருக்கிறதே என்று கரிக்காரருக்குத் தோன்றியது அப்போதுதான். தோன்றாமல் இருந்திருக்கலாம்.

அவர் மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. காப்பீட்டுக் கம்பெனியில் கோபமாகப் போன் பண்ணுகிறவர்களைச் சமாதானப்படுத்தும் உத்தியோகம். அதற்கென்று தேனில் தோய்த்த ஒரு குரல் வைத்திருந்தாள். புருஷனிடம் சாதாரணமாக 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். அவரையே 'சார்' என்றும் 'நீங்க' என்றும் அந்தத் தேன் குரலில் கூப்பிட்டால் நிலைமை கையை மீறிவிட்டது என்று அர்த்தம். கல்யாணமான பதினைந்து வருஷத்தில் நாலு தடவைதான் அப்படி நடந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் உள் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த முனையில், சமையலறை தீப்பிடித்துப்போன ஒருவர் அழுதுகொண்டிருந்தார். கரிக்காரர் மூடி போட்ட ஓர் எவர்சில்வர் டப்பாவில் காய்ந்த பழத்தோலை அடைத்து, காற்றுப் புகாமல் மூடியைக் கம்பியால் கட்டி, பெரிய அடுப்பில் ஏற்றினார். அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் டப்பா உப்பியது. கம்பியை லேசாகத் தளர்த்தலாம் என்று கிட்டே போனார். அதற்குள் மூடி போய்க் கூரையில் அடித்துவிட்டு வந்து விழுந்தது. பின்னாலேயே புகை. புகையைக் கண்டு நடையில் இருந்த அலாரம் வீல் என்று கத்த ஆரம்பித்தது.

மனைவி வாசலில் வந்து நின்றாள். ஹெட்போன் இன்னும் காதில் இருந்தது. போனில் இருப்பவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அதே குரலில் பேசினாள்.

"சார், உங்க அசௌகரியத்துக்கு வருந்துறோம். அடுப்பை அணைச்சுட்டு, தயவு செஞ்சு வெளியே போய் நில்லுங்க."

இது ஐந்தாவது தடவை. கரிக்காரர் வெளியே போய் நின்றார்.

ஆனால் டப்பாவில் கரி நன்றாக வந்திருந்தது. பளபளவென்று, தட்டினால் கண்ணாடி மாதிரி ஒலித்தது. இனி அரைக்க வேண்டும். வீட்டில் மிக்ஸியைத் தவிர வேறென்ன இருக்கிறது. எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் இருந்த நேரம் பார்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, பத்து நிமிஷம் ஓட்டினார். கரி மாவாக வந்தது. ஜாரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவி, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார். தன் நிதானத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

கரித்தூள் ஜாரின் பிளேடுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளே நான்கு இருக்கின்றன.

அவர் மாமியார் ஞாயிற்றுக்கிழமைதான் வந்திருந்தார், இரண்டு வாரம் தங்குவதாக. பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே தூசியைக் கண்டாலும் அவருக்குக் கை பரபரக்கும். புதன்கிழமை விடிந்ததும் கறுப்புத் திராட்சைச் சாறு அடித்துக் குடித்துவிட்டுப் பூங்காவுக்கு நடக்கப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து முகம் மலரத் திரும்பி வந்தார்.

"இந்த ஊர்க்காரங்க நல்ல மாதிரி மாப்பிள்ளை. ஒருத்தர் விடாம என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்," என்றார்.

அவர் சிரித்தபோது கரிக்காரர் பார்த்தார். மேல் வரிசை, கீழ் வரிசை, ஈறு உட்பட அத்தனையும் கறுப்பு. பின்னால் நின்றிருந்த மனைவியும் பார்த்துவிட்டாள். அம்மாவைக் கையைப் பிடித்துக் குளியலறைக்கு அழைத்துக்கொண்டு போகும்போது திரும்பி, உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம், விரைவில் தொடர்புகொள்கிறோம் என்று அவரிடம் இனிமையாகச் சொன்னாள். கரிக்காரர் சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார்.

நைசான கரிக்குப் பலன் இருந்தது. விசிறி பதினொரு சுற்று சுற்றியது. எண்ணிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டாவதில் நின்றது. கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால், கரி கண்ணாடியில் நிற்காமல் உதிர்ந்து திரவத்தில் மிதந்தது. எழுபது மார்க் எழுபத்தெட்டாகியிருந்தது. இனி ஒட்ட வைத்துவிட்டால் போதும். மீதி வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விசிறி, கண்ணாடிகள், பசை, திரவம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கண்ணாடியில் எது நன்றாக ஒட்டும் என்று சாயங்காலம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தார். பக்கத்து இருக்கைப் பெண்ணின் நகத்தைப் பார்த்ததும் மூளை சுறுசுறுப்பானது.

மனைவியின் அலமாரியில் நகப்பாலிஷ் ஒரு புட்டிதான் இருந்தது, கருஞ்சிவப்பு. அதில் கரியைக் குழைத்து ஆறு கண்ணாடியிலும் பூசி, கேக் சுடுகிற சின்ன அடுப்பில் வைத்து உலர்த்தினார். ஒட்டியது. உளி வைத்துச் சுரண்டினாலும் வராத ஒட்டு. மின்சாரம்தான் ஒரு துளியும் வரவில்லை. நகப்பாலிஷ் ஒவ்வொரு கரித்துகளையும் தனித்தனியாகச் சட்டை போட்டு மூடிவிட்டிருந்தது. எழுபத்தெட்டு மார்க் பூஜ்யமானது. மறுநாள் காலை அந்த அடுப்பில் சூடு பண்ணிய ரொட்டியை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

ரொட்டி போனால் போகட்டும். அன்றைக்கு மேலதிகாரிகளோடு மனைவிக்கு வீடியோவில் கூட்டம். முந்தின நாள் மத்தியானமே இடது கை விரல்களுக்குப் பாலிஷ் போட்டு முடித்திருந்தாள். நடுவில் ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டதால் வலது கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். வியாழக்கிழமை காலையில் புட்டியைத் திறந்தால் உள்ளே பிரஷ் மட்டும் இருந்தது. கூட்டம் முடியும்வரை வலது கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என்ன, கையில் அடிபட்டுவிட்டதா என்று மேலதிகாரி விசாரித்தாராம்.

இந்தத் தடவை அவள் தேன் குரலில்கூடப் பேசவில்லை. அதுதான் கரிக்காரரை உலுக்கியது. அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். உட்காரவும் முடியவில்லை, எழுந்து நடந்தார். நடந்துகொண்டே முதன்முறையாக நிதானமாக யோசித்தார். முன்பக்கத்துக் கண்ணாடியில் பூசுகிற வெள்ளைப் பசை இருக்கிறதே, அது சூட்டில் கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதையே ஒரு சிட்டிகை கரியோடு சேர்த்தால்?

சேர்த்தார். புதிதாக ஆறு கண்ணாடி எடுத்துப் பூசினார். கனமான இரும்புச் சட்டியில் அடுக்கி, தீயை மெல்ல மெல்லக் கூட்டி, மூடி எதையும் கட்டாமல், பக்கத்திலேயே நின்று சுட்டார். சாயக் கண்ணாடிகளோடு சேர்த்துக் கிளிப் போட்டு, மூன்று மணி வெயிலில் ஜன்னலோரம் வைத்து ஒயரை இணைத்தார்.

விசிறி சுற்றியது. பதினொன்று, பன்னிரண்டு, இருபது. அப்புறம் எண்ண முடியவில்லை, இறக்கைகள் ஒன்றாகிவிட்டன. கரிக்காரர் இருபது நிமிஷம் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். சின்னதாகக் காற்று அவர் மூக்கில் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

திரவம் ரொம்ப நேரம் நின்றால் காய்ந்துவிடும் என்று கலங்களைப் பிரித்து, ஆறு கறுப்புக் கண்ணாடிகளையும் தண்ணீரில் மெதுவாக அலசி, சமையல் மேடையில் துணி விரித்து உலர வைத்தார். மீதி இருந்த கரித்தூள் ஒரு கிண்ணத்தில் பக்கத்திலேயே இருந்தது. மனைவிக்கு அதே கருஞ்சிவப்பில் புதுப் பாலிஷ் வாங்கிவந்து கொடுத்துவிட்டால் வீட்டிலும் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்குப் போனார். ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார். திரும்பும்போது சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

சமையலறையில் மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். மேடை பளிச்சென்று இருந்தது. பாத்திரக் கூடையில், தட்டுகளுக்கு நடுவே, ஆறு கண்ணாடித் துண்டுகள் வரிசையாக நின்றன. ஜன்னல் வெளிச்சம் அவற்றில் புகுந்து மறுபக்கம் போனது. எங்கேயும் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

"அடிப்பிடிச்சுக் கிடந்துச்சு மாப்பிள்ளை. லேசுல போகலை. கம்பி நார் போட்டு ஒரு மணி நேரம் தேய்ச்சேன். கிண்ணத்துல இருந்த சாம்பலையும் கொட்டிட்டேன்," என்றார் மாமியார். குரலில் ஒரு களைப்பு, அதற்குமேல் ஒரு திருப்தி.

கரிக்காரர் பாலிஷ் புட்டிகளை மேடைமேல் வைத்தார். மாமியாரைத் திட்டுகிற துணிச்சல் எந்த மாப்பிள்ளைக்கு உண்டு? அதிலும் அவர் பல்லைக் கறுப்பாக்கி ஊருக்கே காட்டிய மாப்பிள்ளைக்கு.

"ரொம்ப நன்றி அத்தை," என்றார்.

பழத்தோலைக் காய வைத்து, வேக வைத்து, அரைத்து எடுக்க இரண்டு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஸ்டோர் வாசலில் நின்றார். அந்த மாசத்து ஆறு ஸ்டாண்டர்டு கண்ணாடிகளைக் கேட்டார். கரியைக் காட்டத்தானே ஆட்கள் வருகிறார்கள், இது எதற்குத் தம்பி என்று ஸ்டோர் அக்கா கேட்டார். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட என்றார் கரிக்காரர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சூடானது. அக்கா உள்ளே போய், இருப்பதிலேயே சுத்தமாகப் பார்த்து ஆறு கண்ணாடி பொறுக்கிக்கொண்டு வந்து, நல்லபடியாக நடக்கும், தைரியமாகப் போங்கள் என்று வாழ்த்தியும் அனுப்பினார். அது இன்னும் குத்தியது.

அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். ஒவ்வொரு கண்ணாடிக்கும் வெளிப்பக்கத்தில் தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவால் மை பூசினார். நேற்று நிஜமாகவே சுற்றியது, இருபது நிமிஷம் சுற்றியது, நடந்ததைத்தானே திரும்பக் காட்டுகிறேன் என்று தனக்குத்தானே வாதாடினார். இரண்டு வருஷமாக எந்தப் பிளாட்டினத்தை ஜெயிக்க வேண்டும் என்று தூக்கம் கெட்டாரோ, அதற்கே வேஷம் போட்டுக் கரி என்று மேடையேற்ற வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

பதினோரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண்மணி. பெண்மணிதான் முடிவெடுக்கிறவர் என்பது மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நின்றதில் தெரிந்தது. தலைவர் நாலு வார்த்தை பேசிவிட்டு விளக்கைப் போட்டார்.

விசிறி பிய்த்துக்கொண்டு சுற்றியது.

பெண்மணி குனிந்து முகத்தைக் காற்றில் காட்டினார். பிளாட்டினமே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் கரிக்காரர். எதிலிருந்து எடுத்த கரி என்று கேட்டார். பழத்தோல் என்றார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் தலைவர் உணர்ச்சி வசப்பட்டுக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பேரும் மூலையில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். திரும்பி வந்து, மூன்று வருஷம் அல்ல, ஐந்து வருஷம் என்றார்கள். ஒரு கட்டடத்தின் ஜன்னல் பூராவுக்கும் இதையே போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை கையெழுத்து. கரிக்காரர் எல்லாருக்கும் கை கொடுத்தார். பெண்மணியின் உள்ளங்கையில் கொஞ்சம் மார்க்கர் மை ஒட்டிக்கொண்டதைப் பார்த்தார். அவர் அதைக் கரி என்று நினைத்து ஆசையாகப் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் கேக் வந்தது. கரிக்காரர் தன் பங்கைத் தட்டோடு மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். மாடிப்படியில் மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கினார். கட்டடம் முழுக்க ஜன்னல். அத்தனை ஜன்னலிலும் அவருடைய பொய். கடைசியில் படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் பண்ணி, ஒன்று விடாமல் சொன்னார். தேன் குரலை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

வந்தது அவளுடைய சொந்தக் குரல்.

"போய்ச் சொல்லிடு. வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம். இந்தப் பொய்யை வச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் நீ வீட்டுக்குள்ள இப்படியே நடந்துட்டிருந்தா, அதை என்னால பார்க்க முடியாது."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"நிறைய இருக்கு. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

இந்த 'வா'வைக் கேட்டதும் அவருக்குப் பாதி உயிர் திரும்பியது. எழுந்தார். மறுபடி உட்கார்ந்துவிடுவோமோ என்ற பயத்தில் ஓட்டமும் நடையுமாகப் போய்த் தலைவரின் அறைக் கதவைத் தட்டாமலேயே திறந்தார்.

உள்ளே ஸ்டோர் அக்கா நின்றிருந்தார். தலைவர் ஏக உற்சாகத்தில் இருந்தார். இனிமேல் இந்தக் கட்டடத்துக்குள் பிளாட்டினம் என்ற பேச்சே இருக்கக் கூடாது, வாங்கச் சொல்லி எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சரிங்க சார் என்றார் அக்கா. தலைவர் கரிக்காரரைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"சார், அது கரி இல்ல," என்றார் கரிக்காரர்.

தலைவருக்குப் புரியவில்லை. கைகள் நீட்டியபடியே இருந்தன.

"காலையில சுத்தினது என் கரி இல்ல சார். என் கண்ணாடி ஆறும் நேத்து வீட்ல போயிடுச்சு. அக்காகிட்ட வாங்கின ஸ்டாண்டர்டுக்கு வெளியே மையைப் பூசி வச்சேன். அவங்க பார்த்தது பிளாட்டினம். வேலையை விட்டு அனுப்பறதுன்னாலும் சரி, அவங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

தலைவரின் கைகள் மெதுவாக இறங்கின. நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அந்த முகத்தில் கோபம் வந்திருந்தால் கரிக்காரருக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். வயசான மனுஷன் ஒரே நிமிஷத்தில் இன்னும் பத்து வயசு கூடிப்போய் உட்கார்ந்திருந்தார். அப்போ எல்லாம் போச்சா என்று கேட்டார். கரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்டோர் அக்காதான் தொண்டையைச் செருமினார்.

"பிளாட்டினம் தீர்ந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு சார், வாங்கச் சொல்லி எழுதின கடிதத்துல நீங்க இன்னும் கையெழுத்தே போடலை, வேலை நின்னுடக் கூடாதேன்னு, தீர்ந்துபோன சுவர்க்கடிகார பேட்டரியை உடைச்சு உள்ள இருக்கிற கரியைத்தான் இவ்வளவு நாளும் தம்பிக்கு அரைச்சுப் பூசிக் கொடுத்துட்டிருக்கேன்."